மூன்று கொட்டேஷன்

விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஒன்றும் இல்லை. முன்னால் பதினாலாயிரத்து ஐநூறு. வெள்ளை. குளியலறை வாளி மாதிரி ஒரு பளபளப்பு. பக்கத்தில் நீலம், முப்பத்திரண்டாயிரம். அதற்கும் அப்பால், சுவரில் தனியாக ஒரு குட்டி விளக்கு போட்டு, கருஞ்சிவப்பில் ஒன்று, எழுபத்தெட்டாயிரம். மூன்றும் கிட்டார்தான், மூன்றுக்கும் ஆறு கம்பிதான். மூன்றுக்கும் தலையில் ஆறு திருகுதான். மூன்றும் வயரைச் சொருகினால்தான் வாயைத் திறக்கும். பிறகு எதற்கு அறுபத்து மூவாயிரத்து ஐநூறு ரூபாய் வித்தியாசம்? நான் கேட்காமல் யார் கேட்பது? கேட்டுக் கேட்டே சம்பளம் வாங்கினவன். ஆவடியில், தொழிற்சாலை ஸ்டோர்ஸில், கொள்முதல் பிரிவு. குண்டூசி டப்பா வாங்கினாலும் மூன்று கொட்டேஷன். உறைகளை எல்லார் முன்னாலும் கிழிக்க வேண்டும். நெடுக்கே கோடு, குறுக்கே கோடு, ஒப்பீட்டுப் பட்டியல், கீழே தஸ்நேவிஸ் என்று என் கையெழுத்து. எவன் விலை குறைவோ அவன் எல்-ஒன். எல்-ஒன்னுக்குத்தான் ஆர்டர். எல்-டூ தங்கத்தில் செய்து கொண்டுவந்தாலும் வீட்டுக்குப் போகலாம். நல்ல விதி. ஆடிட்காரன் தலைகீழாக நின்றாலும் ஒரு கேள்வி கேட்க முடியாது. அதோடு எனக்கென்று ஒரு விதி உண்டு, புத்தகத்தில் இல்லாதது. சாம்பிளைக் கையில் தூக்கிப் பார்ப்பேன். ஸ்பானரோ, பூட்டோ, வால்வோ, கனத்தால் நல்ல சாமான். லேசாக இருந்தால் உள்ளே எதையோ குறைத்திருக்கிறான். தப்பினதே இல்லை. இப்போதும் அதைத்தான் செய்தேன். வெள்ளையைத் தூக்கினேன். காற்று. நீலம் பரவாயில்லை. சிவப்பை இறக்கப் போனால், "நான் எடுத்துத் தரேன் அங்கிள், நீங்க கை வைக்காதீங்க" என்கிறாள் கடைக்காரி. அங்கிள். இவள் அப்பா எனக்கு அண்ணனா தம்பியா?

இரண்டு கையாலும் இறக்கித் தந்தாள். வாங்கினதும் மணிக்கட்டு தணிந்தது. ஆ, இது சாமான். இது மரம். முகர்ந்துகூடப் பார்த்தேன், பாலிஷ் வாசனைக்கு அடியில் மர வாசனை இருக்கிறதா என்று. கடையில் ஏசி குளிர் முழங்காலில் ஏறுகிறது. பக்கத்து அறையில் எவனோ டிரம்மைப் போட்டு அடிக்கிறான், வாங்கப் போகிறவன் மாதிரித் தெரியவில்லை, கோபத்தில் இருக்கிறவன் மாதிரி இருக்கிறது. என் மனைவி எமரன்சியா என்னைப் பார்க்கவில்லை. வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வந்து கால் மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் அதன் கழுத்தைப் பிடித்துவிட்டாள். கொள்முதலில் இது ஆகாது. இண்டென்ட் போட்டவன், அதாவது சாமான் வேண்டுமென்று எழுதிக் கேட்டவன், சப்ளையர் முன்னால் பல்லைக் காட்டக்கூடாது. காட்டினால் விலை இறங்காது. அதனால்தான் அவர்களை மாடிக்கே வரவிட மாட்டோம். கேட்டவன் கீழே மிஷினோடு நிற்பான், வாங்குகிறவன் மேலே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பான், நடுவில் காகிதம் மட்டும் போய்வரும். இங்கே கேட்டவள் பக்கத்திலேயே நிற்கிறாள். என்ன செய்ய?

கேட்டாள் என்பதே பெரிய விஷயம். மாத்திரை டப்பாவை மூட முடியாமல் மேஜை விளிம்பில் வைத்து உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டே கேட்டாள். "எலக்ட்ரிக் கிட்டார்ல கம்பி மெல்லிசாம். லேசா தொட்டா போதுமாம். டெரன்ஸ் சொல்லுதான். வாங்கித் தாரீங்களா?" டெரன்ஸ் எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவை நடத்துகிற பயல். பாக்கு மென்றாலும் நல்ல பயல். நான் "பாப்போம்" என்றேன். எமரன்சியா எதையும் ஒரு தரம்தான் கேட்பாள். இரண்டாம் தரம் கேட்டு நான் கேட்டதில்லை. பாப்போம் என்று சொல்லி நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்தப் பொருள் அவளுக்கு வேண்டாததாகிவிடும். எப்படி ஆகும், எப்போது ஆகும், தெரியாது. ஊட்டிக்குப் போக வேண்டும் என்றாள் ஒரு தரம். மாடியில் ஒரு அறை என்றாள். தையல் மிஷினுக்கு மோட்டார் என்றாள். நான் பார்த்தேன், பார்த்தேன், விலை கேட்டேன், அங்கே கேட்டேன், இங்கே கேட்டேன், பிறகு ஒரு நாள் கொட்டேஷனோடு போய் நின்றால், "எது? ஓ, அதா. விடுங்க" என்பாள். கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். இந்தத் தடவை விடக்கூடாது என்று நானேதான் ஞாயிறு பூசை முடிந்து டெரன்ஸைப் பிடித்துக் கடை பெயரைக் கேட்டேன். ரயிலேறி, ஆட்டோ பிடித்து, மவுண்ட் ரோட்டுச் சந்தில், லிஃப்ட் இல்லாத மாடியில், இதோ நிற்கிறேன். செப்டம்பரில் மாதா திருவிழா. தேர்ப் பவனியில் பாடகர் குழு தேருக்குப் பின்னால் வாசித்துக்கொண்டே வரும். முன்னால் ஜெனரேட்டர் வண்டி, வண்டியில் ஸ்பீக்கர், வண்டியிலிருந்து வயர், வயர் முனையில் ஆளுக்கு ஒரு வாத்தியம். கயிற்றில் கட்டின கன்றுக்குட்டி மாதிரி எல்லாரும் வண்டிக்குப் பின்னாலேயே நடக்க வேண்டும். வண்டி நின்றால் நிற்க வேண்டும். கோயிலுக்குச் சொந்தமான பழைய மரக் கிட்டாரை மாட்டிக்கொண்டு இவளும் அப்படிப் போவாள், வேலையில் இருந்தவரை டெலிபோன் எக்சேஞ்ச் டூட்டி முடிந்து வந்த களைப்போடேயே போவாள். எங்கள் தெரு திரும்புகிற இடத்தில் கேட்டில் நிற்கிற என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்குவாள். போன இரண்டு வருஷமாக அவளும் என்னோடு கேட்டில் நிற்கிறாள். முடக்குவாதம். முதலில் விரல், பிறகு மணிக்கட்டு, இப்போது இடது தோள். தேர் தாண்டிப் போகிற வரைக்கும் இடது கை விரல் நான்கும் கேட் கம்பியைப் பிடித்து மாறி மாறி அமுக்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன். "இந்த வருஷம் தேருக்குப் பின்னால நடந்து வாசிச்சிட்டேன்னா போதும்" என்றாள். டாக்டர் வாசிக்கலாம் என்றார், விரலுக்கு நல்லது என்றார். அடுத்த வருஷம் என்று நான் கேட்டதற்கு, அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார். அவரும் பார்ப்போம் என்கிறார். பார்ப்போம் என்று எதிரில் இருப்பவன் சொல்லும்போது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இதுல என்ன மரம்?" என்றேன், வெள்ளையைக் காட்டி. கடைக்காரி பெயர் பிருந்தா. சட்டையில் எழுதிக் குத்தியிருக்கிறது. நாற்பதைத் தாண்டியிருப்பாள். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறாள். "பாப்ளர் அங்கிள்." "அதுல?" "மஹாகனி." "எத்தனை நாள் உழைக்கும்?" "எது?" "மரம்." "அங்கிள், இது கட்டில் இல்ல." எமரன்சியா சிரித்தாள். சிரிக்கட்டும். "கேரண்டி?" "ஒரு வருஷம். மூணுக்கும்." "பதினாலுக்கும் ஒரு வருஷம், எழுபத்தெட்டுக்கும் ஒரு வருஷமா? அப்ப அறுபத்து மூணு எதுக்கு?" அந்தப் பெண் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தாள். "அங்கிள், நீங்க கிட்டார் வாங்க வந்தீங்களா, டெண்டர் திறக்க வந்தீங்களா?" "அவருக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா," என்றாள் எமரன்சியா. "என்னைப் பொண்ணு பாத்ததே அப்படித்தான். ரெண்டு எடம் பாத்துட்டு மூணாவதா எங்க வீட்டுக்கு வந்தாரு." "மூணுல பெஸ்ட் நீங்கதானே ஆன்ட்டி?" "அதை அவர்ட்டல்லா கேக்கணும்." இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிவப்பின் முதுகைத் தட்டிப் பார்த்தேன். முதல் இரண்டு வீட்டிலும் போட்ட சொஜ்ஜிகூட நினைவிருக்கிறது, பெண் முகம் நினைவில்லை. தூத்துக்குடியில் அவள் வீட்டு முன்னால் நாங்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது இவள் டூட்டி முடிந்து சைக்கிளில் வந்து இறங்கினாள். பெண் பார்க்க வந்தவர்கள் என்று தெரியாமல், "சைக்கிளக் கொஞ்சம் பிடிங்க, ஸ்டாண்டு சரியில்ல" என்று ஹாண்டில்பாரை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போய்க் காப்பி குடிக்கும் முன்னாலேயே சரி என்றாகிவிட்டது. பட்டியல் போடாமல் நான் எடுத்த ஒரே முடிவு அதுதான். அதை அவளிடம் சொன்னதே இல்லை. இப்போது சொல்லலாம். கடைக்காரி வேறு நிற்கிறாள், சிரிப்பாள். "கம்பி உசரம் எவ்வளவு?" என்றேன்.

கம்பி உசரம் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதானாம். வேண்டிய அளவுக்குத் தணித்துத் தருவார்களாம். அப்படியானால் விரலுக்கு மூன்றும் சமம். அந்தக் கட்டத்தில் மூன்றுக்கும் சரி போடலாம். மிச்சம் என்ன, சத்தம். கம்பிக்கு அடியில் காந்தம் இருக்கிறது, அதில்தான் விலை இருக்கிறது என்கிறாள் பிருந்தா. மூன்றிலும் ஒரே மெட்டை வாசித்துக் காட்டினாள். வெள்ளை பளிச்சென்று கேட்டது, தட்டில் ஸ்பூன் விழுந்த மாதிரி. நீலம் அதைவிடக் கொஞ்சம் பதமாக. எனக்கு வலது காது பாதி போய்விட்டது, மோட்டார் ஷெட் பக்கத்தில் உட்கார்ந்து. ஆனால் சிவப்பை வாசித்தபோது காதை விட்டுவிட்டுச் சத்தம் நெஞ்சுக்கு வந்தது. கையை எடுத்துவிட்டாள், சத்தம் நின்றுகொண்டே இருக்கிறது. போக மனசில்லாத விருந்தாளி மாதிரி. உள்ளங்கையை அதன் உடம்பில் வைத்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் அறுபத்து மூவாயிரத்து ஐநூறு இங்கேதான் இருக்கிறது. எல்-ஒன்னில் இது இல்லை. எல்-ஒன்னில் சத்தம் வந்ததும் போய்விடுகிறது. அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டில் எதுதான் நின்றது? ஃபேன் மூன்று மாதத்தில் கிறீச்சிடும். கிரைண்டர் கல் ஆடும். பீரோ கதவைத் தூக்கிச் சாத்த வேண்டும், இந்த விரலை வைத்துக்கொண்டு இன்றைக்கும் தூக்கித்தான் சாத்துகிறாள். எல்லாம் நான் அலைந்து திரிந்து விலை பார்த்து வாங்கினது. ஒவ்வொன்றையும் வண்டியிலிருந்து இறக்கும்போது அவள் வாசலில் நின்று, "இது போதும்ங்க, நல்லாத்தான் இருக்கு" என்பாள். நான் அதை நம்பினேன். நம்பினேனா? நம்பத்தான் வேண்டியிருந்தது, ஆர்டர் போட்டாகிவிட்டதே.

திரும்பினால் அவள் எழுந்து நிற்கிறாள். வெள்ளைக் கிட்டாரை வாரோடு தோளில் மாட்டிக்கொண்டு, தூண் பக்கத்தில் இருக்கிற நிலைக்கண்ணாடி முன்னால். செருப்பைக் கழற்றிவிட்டாள். நாலு எட்டு வைக்கிறாள், நிற்கிறாள், மறுபடி நாலு எட்டு. சேலை முந்தானை வாரில் சிக்கியதை எடுத்துவிட்டுக்கொண்டாள். அறுபத்தைந்து வயதில் கண்ணாடி. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. இடது கையால் கழுத்தைப் பிடித்து எதையோ வாசித்தாள், வயர் சொருகாமலேயே. கொசு பாடுகிற சத்தம்தான் வந்தது. ஆனால் அவள் உதடு அசைந்தது. விரல் மூட்டுகள் இங்கிருந்தே தெரிகின்றன, இஞ்சித் துண்டு மாதிரி. அந்த விரல் தண்ணீர் பாட்டிலைத் திறக்காது. காலையில் ரயிலில் பாட்டிலை என்னிடம் நீட்டினாள், நான் திறந்து கொடுத்தேன், இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டோம். இன்னும் கொஞ்ச நாளில் ஜாக்கெட் ஊக்கு. அப்புறம் சோறு. நான் செய்வேன், செய்யத் தெரியாதா என்ன, ஆனால் எனக்கு எழுபத்திரண்டு. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாட்டிலை யார் திறப்பது? மகன் துபாயிலிருந்து திறப்பானா? சே, கிட்டார் வாங்க வந்த இடத்தில் என்ன யோசனை. ஒரு வருஷ கேரண்டி, மூன்றுக்கும். அந்த விரலுக்கு டாக்டர் அதுகூடத் தரவில்லை. ஒரு வருஷமோ ஒரே ஒரு திருவிழாவோ, அதில் போய்ப் பதினாலாயிரமா? வாளியைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒரு சாமானா? "ஏங்க, இங்க பாருங்க," என்றாள், திரும்பாமல் கண்ணாடி வழியாகவே. "தோள்ல இருக்கதே தெரியல. நடந்தாலும் தாங்கும். எனக்கு இதான் வேணும்." ஆமாம், இதைத்தான் சொல்வாள். எனக்குத் தெரியாதா? ஃபேனுக்கு என்ன சொன்னாளோ அதுதான். விலைச்சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாள். என் முகத்தைப் பார்த்து என் முகத்துக்கு ஏற்ற விலையில் ஆசைப்படப் பழகிவிட்டாள். அப்படிப் பழக்கியது யார்?

"சிவப்பு," என்றேன் பிருந்தாவிடம். "சிவப்பு போடுங்க." எனக்கே என் குரல் கொஞ்சம் உசரமாகக் கேட்டது. டிரம் அடிக்கிறவன்கூட நிறுத்தினான். எமரன்சியா இப்போது நேராகத் திரும்பினாள். "எதுக்குங்க அவ்வளவு வெலைக்கு? எனக்கு வெள்ளைதான் வேணும்." "சும்மாயிரு. உக்காந்து வாசிச்சுப் பாரு." உயரமான ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டேன். வெள்ளையைத் தோளிலிருந்து மெதுவாகக் கழற்றினாள். கழற்றி, அதைச் சுவரில் சாய்க்காமல் தாங்கியில் வைத்து, அது நகராமல் நிற்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சிவப்பை மடியில் வைத்துவிட்டோம், நானும் பிருந்தாவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து. வாசித்தாள். இரண்டு மூன்று வருஷமாகக் கேட்காத வாசிப்பு. கோயிலில் நன்மை அப்பம் வாங்கும் நேரத்துக்கு வாசிப்பாளே, அந்த மெட்டு. நடுவில் ஒரு இடத்தில் மோதிர விரல் எட்டவில்லை, அந்த இடத்தைத் தாண்டிக்கொண்டு அடுத்ததற்குப் போனாள். சத்தம் நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பிருந்தா தலையைச் சாய்த்துக் கேட்டாள். விற்கிறவள் அப்படித்தான் கேட்பாள், ஆனாலும். "எப்படி இருக்கு?" என்றேன். "சத்தம் நல்லாத்தான் இருக்கு," என்றாள் எமரன்சியா. "பாத்தியா." "ஆனா வெள்ளை…" "எனக்குத் தெரியும்." அவ்வளவுதான். நான் ஜெயித்தேன் என்று நினைத்தேன். முப்பத்தாறு வருஷம் ஒரு தரம்கூட எழுதாததை மனதுக்குள் எழுதினேன். விலை அதிகமானவனுக்கே ஆர்டர், காரணம் தேவையில்லை, கையெழுத்து தஸ்நேவிஸ். கார்டை நீட்டினேன். தள்ளுபடி கேட்கவில்லை. பிருந்தாவாகவே பை சும்மா தருகிறேன் என்றாள். சரி என்றேன், அதற்கும் பேரம் இல்லை. இந்த மனுஷன் வேறு மனுஷன் என்று அந்தப் பெண் நினைத்திருக்க வேண்டும். நானே நினைத்தேன். எமரன்சியா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை, சந்தோஷமாகத்தான் இருப்பாள் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு காட்டுவாள். வீட்டுக்குப் போய்க் காட்டுவாள்.

பையை நான் தூக்கிக்கொள்கிறேன் என்றேன். "என் கிட்டாரு, நான் தூக்குதேன்" என்று வாங்கி வலது தோளில் மாட்டினாள். படியில் முன்னால் இறங்கினாள். முதல் திருப்பத்தில் நின்று இடது தோளுக்கு மாற்றினாள். உடனே மறுபடி வலதுக்கு. இரண்டாவது திருப்பத்தில் கைப்பிடிச் சுவரில் பையைச் சாய்த்து வைத்து, கீழே போகிற வண்டிகளைப் பார்க்கிற மாதிரி நின்றாள். நானும் நின்றேன். வெயில். பெட்ரோல் வாசனை. எவனோ பரோட்டா அடிக்கிற சத்தம். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல, புதுச் செருப்பு." செருப்பு பழசு. போன வருஷத்துச் செருப்பு, பூந்தமல்லியில் நான் வாங்கினது, எல்-ஒன். அதைக் கவனித்தேன், ஆனால் கவனித்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அந்த நேரத்தில் தெரியவில்லை. மனசெல்லாம் சிவப்பாக இருந்தது. தேர் எங்கள் தெருவுக்குள் திரும்பும், இவள் இதை மாட்டிக்கொண்டு வருவாள், பிச்சைமணியும் அவன் மருமகனும் எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்ப்பார்கள், இது என்ன விலை சார் என்பார்கள், நான் சொல்ல மாட்டேன், சும்மா இருப்பேன். அப்படி ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோ வந்தது. சென்ட்ரல் என்றேன், கேட்ட காசுக்குச் சரி என்று ஏறினேன். அவள் பையை இரண்டு கையாலும் உள்ளே தள்ளி, மடியில் குறுக்கே போட்டுக்கொண்டாள், தூங்கிப்போன பிள்ளையைப் போடுகிற மாதிரி. தொடையில் அழுந்தியது. கொஞ்சம் என் பக்கமும் வந்து அழுந்தியது. நல்ல கனம். நாலரைக் கிலோ என்றாள் பிருந்தா, பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டேன். என் பக்கத்துக்கு வந்த கனத்திலேயே என் தொடை மரத்தது. அப்போதுதான் கணக்குப் போட்டேன். இது மடியில். இன்னும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தேர் கிளம்பித் திரும்பக் கோயிலுக்கு வர இரண்டு மணி நேரம் ஆகும். நாலு எட்டு வைத்தாள், நின்றாள், மறுபடி நாலு எட்டு வைத்தாளே. அது கண்ணாடி பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றியது அழகுக்கில்லை. தேருக்குப் பின்னால் வெறுங்காலோடுதான் நடப்பார்கள். அவள் அங்கே தேருக்குப் பின்னால் நடந்து பார்த்திருக்கிறாள், கடைக்குள், என் கண் முன்னால். தோளில் இருப்பதே தெரியவில்லை என்றாள். தமிழில்தான் சொன்னாள். விலையைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை, விலையை நினைத்தது நான், இத்தனை வருஷம் குறைந்த விலையை, இன்றைக்கு அதிக விலையை. கேட்டவள் பக்கத்திலேயே நின்று கேட்டாள், ஒரு தரம் மட்டும் கேட்கிறவள் இரண்டு தரம் கேட்டாள், மூன்றாவது தரம் வாயைத் திறந்தாள், எனக்குத் தெரியும் என்று நான் மூடினேன்.

"எமி." அப்படி நான் கூப்பிட்டு நாளாகிறது. "ம்?" "கனக்குதா?" "இல்லியே." "பொய் சொல்லாத." அவள் வெளியே பார்த்தாள். சிக்னலில் நின்றோம். பக்கத்துப் பேருந்தின் சூடு முகத்தில் அடித்தது. "கோயிலுக்குள்ள ஸ்டூல் போட்டு உக்காந்து வாசிச்சுக்கிடுதேன்," என்றாள். "தேருக்கு அந்தப் பிள்ளைங்க போயிட்டு வரட்டும். வயசுப் பிள்ளைங்க." சாதாரணமாகத்தான் சொன்னாள், நாளைக்கு ரசம் வைக்கலாம் என்கிற மாதிரி. ஆட்டோக்காரன் தோளைத் தட்டினேன். "தம்பி, திருப்புங்க. அதே கடைக்கு." "யூ டர்ன் அந்தப் பக்கம்தான் சார் இருக்குது, திருப்பவா?" என்றான் கண்ணாடியில் பார்த்து. "திருப்ப வேண்டாம்," என்றாள் எமரன்சியா. "நீங்க நேராப் போங்க." "ஏ, மாத்திக்கிட்டு வந்துருவோம். பில் போட்டு அரை மணி ஆகல, மாத்தித் தருவா. வெள்ளையையே வாங்குவோம்." "வேண்டாம்." "ஏன்?" பையின் ஜிப்பை இழுத்துச் சரி செய்தாள், அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. "நான் கேட்டப்போ உங்க காதுல விழல," என்றாள். குரலில் சூடில்லை, அதுதான். "இப்ப உங்களுக்கு மனசு சங்கடமா இருக்கு. அதுக்காக வாங்கித் தாரீங்க. அந்தக் கிட்டாரு எனக்கு எதுக்குங்க? இது நல்லாத்தான் இருக்கு. சத்தம் நல்லா இருக்கு."

நல்லாத்தான் இருக்கு. ஃபேன் நல்லாத்தான் இருக்கு. பீரோ நல்லாத்தான் இருக்கு. எழுபத்தெட்டாயிரம் கொடுத்தும் அதே வார்த்தையைத்தான் வாங்கியிருக்கிறேன். பச்சை விழுந்தது. யூ டர்ன் வந்தது. ஆட்டோக்காரன் ஒரு தரம் என்னைப் பார்த்தான், ஒரு தரம் அவளைப் பார்த்தான், நேரே போனான். திருப்புடா என்று கத்தியிருக்கலாம், அலுவலகத்தில் எத்தனை பேரிடம் கத்தியிருக்கிறேன். யாருக்காகத் திருப்பச் சொல்வது? அவள் வேண்டாம் என்கிறாள். அவள் சொல்வதை இன்றைக்குக் கேட்கக்கூடிய ஒரே இடம் இதுதான், இதைக் கேட்டால் அவள் தேருக்குப் போக மாட்டாள், கேட்காவிட்டால் மறுபடியும் எனக்குத் தெரியும் என்றுதான் ஆகும். இரண்டு கட்டத்திலும் ஒன்றும் எழுத முடியவில்லை. பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. ஸ்டூல். ஸ்டூல் என்றாளே. கோயிலில் இருப்பது பிளாஸ்டிக் நாற்காலி, கை வைத்தது, கிட்டார் இடிக்கும். கை இல்லாத ஸ்டூலாக இருக்க வேண்டும், கால் வைக்க ஒரு கம்பி வேண்டும், மரமாக இருந்தால் நல்லது, இரும்பு என்றால் விலை குறைவு, பாரிமுனையில் ஒரு கடை, புரசைவாக்கத்தில் ஒரு கடை, ஆவடி மார்க்கெட்டிலும் ஒருத்தன் இருக்கிறான். "அந்த ஸ்டூல் எத்தனை அடி உசரம்…" என்று வாயைத் திறந்தேன். அவள் என் முழங்கையில் கையை வைத்தாள். லேசான கை. "அதை நான் பாத்துக்கிடுதேன்," என்றாள். "நீங்க பாக்க வேண்டாம்."